கப்பற்கூலியும் ஜாமீனும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, ரோஹிங்கியா அகதிகளுக்காக நாங்கள் சிலர் உண்டியல் ஏந்தி நின்றோம். படகொன்று நெடுநாள் கடலில் அலைந்து கரை சேர்ந்த செய்தி பத்திரிகைகளில் வந்திருந்தது. மக்கள் தாராளமாகவே கொடுத்தார்கள். பணத்தை எண்ணி முடித்து, அரிசி, பருப்பு, பால்மாவு, போர்வை என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது, உதவிக்கு நின்ற வாலிபர் ஒருவர் கேட்டார்: "மாமா, நாம் எப்போதும் படகு கரை சேர்ந்த பிறகுதானே வசூல் செய்கிறோம்? அவர்கள் அந்தப் படகில் ஏறாமல் இருப்பதற்கென்று ஒரு வசூல் கிடையாதா?"

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. "தம்பி, அதெல்லாம் சர்க்கார் காரியம்" என்று சொல்லிவிட்டுப் பட்டியலைத் தொடர்ந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் சொன்ன விடை முழு விடையன்று என்பதும் நாளாக ஆகத் தெளிவாயிற்று. இக்கட்டுரை அந்த வாலிபருக்கு நான் தாமதமாகத் தரும் பதில் என்று கொள்ளலாம்.

கேள்வியைச் சற்று விரித்துச் சொல்வோம். கொடுமைக்கு அஞ்சி ஓடுகிறவன், கரை சேர்ந்தபின் கஞ்சி ஊற்றுவது தர்மம், அதில் ஐயமில்லை. ஆனால் அவன் புறப்படும் முன்னரே, திருட்டுப் படகின்றி, ஆட்கடத்துவோர் கையில் சிக்காமல், முறையான பத்திரங்களோடு பிரயாணம் செய்ய வழிச்செலவு கொடுப்பதும் நம் கடமையாகுமா? ஆகுமென்றால், அதை ஏன் நாம் செய்வதில்லை? செய்ய விரும்பினால், உண்மையில் எதைக் கொடுக்க வேண்டும்?

அரை தீனார்

நமக்கு மிகவும் தெரிந்த சரித்திரத்திலிருந்து தொடங்குவோம். நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், அதாவது கி.பி. 615இல், மக்காவின் கொடுமை தாங்காமல் முதல் கூட்டத்தார் அபிஸீனியாவுக்குப் புறப்பட்டார்கள். பதினொரு ஆண்களும் நான்கு பெண்களும் இரகசியமாகக் கடற்கரையை அடைந்தார்கள் என்றும், அந்நேரம் அங்கு வந்த இரண்டு வியாபாரக் கப்பல்கள் அரை தீனார் கூலிக்கு அவர்களை ஏற்றிச் சென்றன என்றும், துரத்தி வந்தவர்கள் கரையை அடையுமுன் கப்பல்கள் போய்விட்டன என்றும் வரலாற்று ஆசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இச்சம்பவத்தைப் பன்முறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த அரை தீனாரை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. கூலி கொடுக்கக் கையில் காசிருந்தது. ஆதலால் கப்பல் கிடைத்தது. அதே சமயம், காசு மாத்திரம் போதியதாகவும் இல்லை. அக்கரையில் நஜ்ஜாஷி என்ற நீதியுள்ள மன்னர் இருந்தார். பின்னர் குறைஷிகள் வெகுமதிகளுடன் தூதரை அனுப்பி, ஓடி வந்தவர்களைத் திருப்பித் தரும்படி கேட்டபோது, அவர் இரு தரப்பையும் கேட்டு, தர மறுத்தார். கப்பற்கூலி அவர்களைக் கடல் தாண்ட வைத்தது. மன்னரின் வாக்கு அவர்களை அங்கே வாழ வைத்தது. இரண்டில் ஒன்று இல்லையேல் மற்றொன்று வீண்.

ஆகவே, "பாதுகாப்பான பிரயாணம்" என்பதில் இரண்டு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று கூலி. மற்றொன்று, "இவருக்கு நான் பொறுப்பு" என்று அக்கரையில் ஒருவர் சொல்லும் சொல். அதைத்தான் நாம் ஜாமீன் என்கிறோம். இக்காலத்தில் ஓடுகிறவனுக்கு இல்லாதது எது? கூலியா, ஜாமீனா?

காசு இருந்தும் வழியில்லை

2015 செப்டம்பர் 2ஆம் தேதி துருக்கிக் கடற்கரையில் ஒரு சிறு பாலகனின் உடல் ஒதுங்கிக் கிடந்ததையும், அந்தப் படம் உலகமெங்கும் பரவியதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சிரியாவிலிருந்து ஓடிய குடும்பம் அது. தாயும் இரு பிள்ளைகளும் மாண்டார்கள். தந்தை ஒருவரே மிஞ்சினார். அவர்கள் அடைய எண்ணிய கிரேக்கத் தீவு கண்ணுக்கெட்டும் தூரத்தில், சில கிலோமீட்டர் அப்பால் இருந்தது. பாஸ்போர்ட்டும் விசாவும் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு அதே கடலில் நாள்தோறும் பிரயாணப் படகுகள் போய்வந்துகொண்டிருந்தன.

அப்பிள்ளையின் தந்தைக்குக் கனடாவில் ஒரு சகோதரி இருந்தார். தம் உடன்பிறந்தாரை ஒவ்வொரு குடும்பமாகச் சட்டப்படி அழைத்துக்கொள்ள அவர் முயன்றவர். மூத்த சகோதரருக்காக அவர் அனுப்பிய விண்ணப்பம், தேவையான பத்திரங்கள் இல்லையென்று திரும்பி வந்தது. நேர்வழி அடைபட்டதைக் கண்டபின், படகுக்காரனுக்குக் கொடுப்பதற்கென்று அவரே பணம் அனுப்பினார். இதை அவரே பின்னர் வெளிப்படையாகச் சொல்லி, தம்மையே நொந்துகொண்டார்.

இதைப் படித்தபோது என் நெஞ்சு கனத்தது. பாசமும் பணமும் வீடும் வைத்துக்கொண்டு அழைக்க ஓர் உறவினர் காத்திருக்கிறார். அத்தனை இருந்தும், அப்பணம் போய்ச் சேர்ந்த இடம் ஆட்கடத்துவோன் மடி. காரணம், குறைந்தது பணமன்று, காகிதம்.

"ஏன் அவர்கள் விமானத்தில் போகக்கூடாது?" என்று கேட்போர் உண்டு. விசா இல்லாத ஒருவரை ஏற்றி வந்தால், விமானக் கம்பெனி அபராதம் கட்டி, தன் செலவிலேயே அவரைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் இதை ஒரு விதியாகவே வகுத்தது. மற்ற பல நாடுகளிலும் இவ்வாறே. ஆதலால் புகலிடம் கேட்க நியாயமான காரணம் உள்ளவனைக்கூட, விமான நிலையத்துச் சிப்பந்தியே நிறுத்திவிடுகிறார். அவன் கடற்கரைக்குப் போகிறான். முறையான கட்டணத்தைப்போலப் பல மடங்கு கொடுத்து, ஓட்டைப் படகில் ஏறுகிறான். ஏழை என்பதால் அவன் படகேறினான் என்று நாம் நினைப்பது பெரும்பிழை. பெரும்பாலும் தன் வீட்டையும் நகையையும் விற்று, அதிகக் கூலி கொடுத்தே அவன் சாவை விலைக்கு வாங்குகிறான்.

ஐம்பது பவுன்

ஜாமீன் என்றேன். அது வெறும் உவமையன்று. ஒரு காலத்தில் அதற்கு விலையே குறிக்கப்பட்டிருந்தது.

1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் தாக்கப்பட்டபின், பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரின்றி ஏற்றுக்கொள்ள பிரிட்டன் இசைந்தது. ஆனால் பிள்ளைகளால் பொதுப் பணத்துக்குச் செலவு நேரக்கூடாது. வளர்க்க ஒரு வீடும், பின்னாளில் திரும்பிச் செல்லும் செலவுக்கு ஈடாகத் தலைக்கு ஐம்பது பவுன் உத்தரவாதமும் வேண்டும் என்றது. அக்காலத்தில் அது சாதாரண மனிதனுக்குப் பெருந்தொகை. யுத்தம் மூளும்வரை சுமார் 10,000 பிள்ளைகள் அவ்வாறு காப்பாற்றப்பட்டார்கள்.

அவர்களுள் பிராகு நகரத்திலிருந்து வந்த 669 பிள்ளைகளுக்கு வழி செய்தவர்களில் ஒருவர் நிக்கோலஸ் விண்டன். லண்டனில் பங்குச் சந்தைத் தரகராக இருந்த வாலிபர். அவர் செய்த வேலையைக் கேட்டால் வீரச் செயலாகவே தோன்றாது. கடிதம் எழுதினார், பிள்ளைகளின் புகைப்படங்களை அனுப்பி வளர்ப்பு வீடுகளைத் தேடினார், ஐம்பது பவுன் கட்டுவாரைக் கண்டுபிடித்தார், விசாவுக்காக அலுவலகப் படிகளை ஏறி இறங்கினார். 1939 செப்டம்பர் 1ஆம் தேதி புறப்படவிருந்த கடைசி ரயிலில் சுமார் 250 பிள்ளைகள் செல்லவிருந்தார்கள். அன்றே யுத்தம் தொடங்கியது, ரயில் புறப்படவில்லை.

இதிலே மனத்தை உறுத்தும் ஒன்றுண்டு. அந்த ஐம்பது பவுன் பிள்ளைக்கு மாத்திரமே. தாய் தந்தையருக்கு அந்த வழியில் இடமில்லை. ரயிலடியில் கையசைத்து நின்ற பெற்றோரில் மிகப் பலரைப் பிள்ளைகள் மறுபடி காணவே இல்லை. உலகம் அன்று சிறிது திறந்த கதவு, ஒரு குழந்தை நுழையும் அளவுக்கே திறந்தது.

அதே 1939 மே மாதம், செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் 937 பிரயாணிகளோடு ஹாம்பர்கிலிருந்து கியூபாவுக்குப் போயிற்று. ஏறக்குறைய எல்லோரும் யூத அகதிகள். கூலி கொடுத்து, இறங்குவதற்கான அனுமதிச் சீட்டென்று நம்பியதையும் வாங்கிக்கொண்டு ஏறியவர்கள். ஆனால் கப்பல் ஹவானாவை அடைவதற்குள் அச்சீட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டுவிட்டது. தலைக்கு 500 டாலர் வீதம் ஜாமீன் கட்டினால் ஏற்பதாகக் கியூபாவின் ஜனாதிபதி சொன்னார். யூத உதவிச் சங்கத்தின் பிரதிநிதி தொகையைக் குறைக்கப் பேரம் பேசினார், பேச்சு முறிந்தது. அமெரிக்காவும் ஏற்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து ஆகிய நான்கு நாடுகள் அவர்களைப் பங்கிட்டுக்கொண்டன. அவர்களில் 254 பேர் பின்னர் நாஜிகளின் இன அழிப்பில் மாண்டார்கள்.

பேரம் பேசியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று இக்கப்பலுக்குக் கேட்டதைக் கொடுத்தால், நாளை வரும் கப்பலுக்கு எங்கே போவது என்ற கவலை அவருக்கு இருந்திருக்கும். நம்மைப்போல் சங்கக் கணக்கு எழுதுகிற எவருக்கும் அந்தக் கவலை புரியும். ஆயினும், ஜாமீனுக்கு நேரம் என்று ஒன்றுண்டு. நேரம் தவறினால், பின்னர் எத்தனை மடங்கு கொடுத்தாலும் அது ஜாமீனாகாது, அனுதாபமாகவே நிற்கும்.

நம் கடலோரத்துச் சாட்சி

தூரதேசக் கதைகள் போதும். நம் கடற்கரைக்கு வருவோம். 1978 முதல் வியட்நாமிலிருந்து படகுகள் மலேசியக் கரைக்குப் பெருவாரியாக வரத் தொடங்கின. திரெங்கானுவுக்கு அப்பாலுள்ள பீடோங் தீவு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. 1979 மத்தியில் அதில் சுமார் 40,000 பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். சிங்கப்பூரிலும் செம்பவாங் பகுதியில் ஹாக்கின்ஸ் ரோட்டில் ஒரு முகாம் இருந்தது. வழியில் கடற்கொள்ளைக்காரரிடம் பட்ட கொடுமைகளைச் சொல்ல நாக்கூசும். கரையிலும் நிலைமை நல்லதாக இல்லை. பல படகுகள் கடலுக்கே திருப்பித் தள்ளப்பட்டன. தாங்கும் எல்லையைக் கடந்துவிட்டோம் என்று 1979 ஜூன் இறுதியில் ஆசியான் நாடுகள் அறிவித்தன.

அடுத்த மாதம் ஜெனீவாவில் நாடுகள் கூடின. குடியேற்ற ஏற்பதாக அதுவரை 1,25,000 பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தவர்கள், 2,60,000 பேருக்கு வாக்களித்தார்கள். தூரத்து நாடுகள் ஜாமீன் நின்றதும், பக்கத்துக் கரைகள் திறந்தன. "இவர்கள் இங்கேயே தங்கிவிடுவார்களோ" என்ற அச்சம் தணிந்ததும், இரக்கத்துக்கு இடம் கிடைத்தது. இதை நாம் மறக்கலாகாது: கரையிலுள்ளவனின் கல்நெஞ்சு என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு, தனியாக மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்.

அதைவிட முக்கியமான மற்றொன்றும் அவ்வாண்டே நடந்தது. 1979 மே 30ஆம் தேதி, ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையமும் வியட்நாம் அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி மக்கள் தத்தம் ஊரிலிருந்தே விண்ணப்பித்து, பத்திரம் பெற்று, விமானத்தில் ஏறிப் போகலாம். முதலில் அது மெதுவாகவே நடந்தது. ஆனால் 1984இல் அவ்வழியே வெளியேறியோர் 29,100 பேர். அதே ஆண்டு இவ்வட்டாரத்தில் படகில் வந்திறங்கியோர் 24,865 பேர். படகை விமானம் முந்திவிட்டது! அத்திட்டம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடற்கொள்ளையரைக் காணாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த வாலிபர் கேட்ட கேள்விக்கு இதுதான் நேரான சாட்சி. படகில் ஏறாமல் இருப்பதற்கு ஒரு வசூல் உண்டு, அது நடந்தும் இருக்கிறது, பலித்தும் இருக்கிறது.

சாதாரண மக்கள் செய்த காரியம்

"அவையெல்லாம் பெரிய சர்க்கார்கள் செய்தவை, நம்மைப் போன்ற சங்கங்களால் ஆகுமா?" என்று கேட்கலாம். 1979, 1980 ஆண்டுகளில் கனடா 60,000 இந்தோசீன அகதிகளை ஏற்றது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பொறுப்பேற்றவர்கள் சர்க்காரல்லர். மாதா கோயில்கள், அண்டை வீட்டார், நண்பர் குழுக்கள். ஐந்து பேர் சேர்ந்து கையொப்பமிட்டு, வருகிற குடும்பத்துக்குச் சுமார் ஓராண்டு வீடு, உணவு, உடை, பள்ளிக்கூடம், மருத்துவர் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாக ஏற்பது அந்த ஏற்பாடு. பின்னர் அவ்வழியே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

இத்தாலியில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 2013 அக்டோபர் 3ஆம் தேதி லாம்பெடுசா தீவருகே ஒரு படகு மூழ்கி 360க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் அங்குள்ள கத்தோலிக்க, புராட்டஸ்டண்டு கிறிஸ்தவ அமைப்புகள் கூடி, செலவு முழுவதும் எங்களுடையது, விசா மட்டும் தாருங்கள் என்று சர்க்காரிடம் கேட்டன. 2015 டிசம்பரில் ஒப்பந்தமாயிற்று. 2016 பிப்ரவரியில் லெபனானிலிருந்து சிரிய அகதிகள் ரோமாபுரி விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். வந்தவர்களில் மிகப் பலர் முஸ்லிம்கள். கூலி கொடுத்தவர்களும் ஜாமீன் நின்றவர்களும் கிறிஸ்தவர்கள். நஜ்ஜாஷியும் கிறிஸ்தவர்தாம் என்பது நமக்குத் தெரியும். அக்கடன் நம் கணக்கில் பழைய பாக்கியாக நிற்கிறதே! நம்மவர்க்கு நாம் உதவுவதால் மாத்திரம் அது தீர்ந்துவிடாது.

நான்கு ஆட்சேபணைகள்

இனி, நியாயமான ஆட்சேபணைகளைப் பார்ப்போம்.

முதலாவது: "நம் ஊரிலேயே ஏழைகள் இருக்கிறார்கள், முதலில் அவர்களைக் கவனிப்போம்." உண்மையே. அண்டை வீட்டானின் பசி முந்தியது. ஆனால் இதைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் அண்டை வீட்டானுக்கும் கொடுக்கிறோம்? ஒரு கடமையைச் செய்துகொண்டிருப்பவன் இன்னொன்றுக்கு அவகாசம் கேட்கலாம். எதையும் செய்யாதவன், ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்பலாகாது.

இரண்டாவது: "வெளியேறும் வழிக்குப் பணம் கொடுத்தால், கொடுமை செய்கிறவனுக்கு அது இலாபம், தனக்கு வேண்டாதவர்களை அவன் சுலபமாகத் துரத்திவிடுவான்." இது வலுவான ஆட்சேபணை. நாஜிகள் வெளியேறுவோர் சொத்தில் பெரும்பங்கை வரியாகப் பிடுங்கினார்கள். ஆயினும், ஹஜ்ரத் பிலால் அவர்களை அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் விலை கொடுத்து மீட்டபோது, அந்த விலை வதைத்தவன் கைக்கே போயிற்று. அதற்காக மீட்டது தவறென்று யார் சொல்வார்? கொடுமையை எதிர்ப்பது ஒரு கடமை. சுடுமணலில் கிடப்பவனை எழுப்புவது வேறொரு கடமை. முன்னது நிறைவேறும்வரை பின்னது காத்திருக்க முடியாது.

மூன்றாவது: "பத்துப் பேரை அழைத்து ஆயிரம் பேரை விடுவது அநீதியல்லவா? யாரைத் தேர்ந்தெடுப்பது?" இதற்கு மனம் குளிரும் விடை என்னிடம் இல்லை. தேர்ந்தெடுப்பது வேதனையான காரியம். தெரிந்தவர், அழகாகப் பேசுகிறவர், நம் மதத்தார் என்று பார்த்தால் அது பாரபட்சம். ஆபத்து யாருக்கு அதிகம் என்றே பார்க்க வேண்டும். ஆனால் தேர்ந்தெடுக்க மறுப்பதனால் தேர்வு நின்றுவிடுவதில்லை. அப்போது கடல் தேர்ந்தெடுக்கிறது. பணம் பறிப்பவன் தேர்ந்தெடுக்கிறான். அவர்களைக் காட்டிலும் நாம் மோசமாகத் தேர்ந்தெடுக்கமாட்டோம்.

நான்காவது, நான் அந்த வாலிபருக்குச் சொன்னதே: "இது சர்க்கார் காரியம்." கதவு சர்க்கார் கையில் இருக்கிறது என்பது மெய். 2024 நவம்பரில் கனடாவே, விண்ணப்பங்கள் குவிந்துவிட்டனவென்று, ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களை வாங்குவதை நிறுத்தி வைத்தது. ஜாமீன் நிற்க மனிதர் இருந்தும் இடமில்லை என்ற நிலை! தனி மனிதர் கொடுப்பதைச் சாக்காக வைத்து அரசுகள் தம் பொறுப்பைச் சுருக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. அதுபோலவே, "முறையான வழிதான் இருக்கிறதே" என்று சொல்லி, படகில் வந்தவனைக் குற்றவாளியாக நடத்தும் அபாயமும் உண்டு. இரண்டையும் நாம் ஏற்கலாகாது. ஆனால் சர்க்கார்கள் தாமாகக் கதவைத் திறப்பது அரிது. கடமையை ஏற்க மக்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று கண்டபோதுதான் இத்தாலியில் திறந்தது.

இன்றைய வங்கக் கடல்

இன்று நம் கண் முன் இருப்பது ரோஹிங்கியா மக்களின் நிலை. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் பர்மாவில் அவர்களுடைய குடியுரிமை பறிபோயிற்று. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். 2015இல் பெர்லிஸ் மாநிலத்து வாங் கிலியான் காட்டில் 139 புதைகுழிகள் கண்டெடுக்கப்பட்டதை மலேசியாவில் வாழும் எவரும் மறக்க முடியாது. 2023இல் ஏறக்குறைய 4,500 ரோஹிங்கியாக்கள் வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் படகேறினார்கள். 569 பேர் மாண்டார்கள் அல்லது காணாமற் போனார்கள். எட்டுப் பேரில் ஒருவர்!

"வரிசையில் நின்று முறையாக வரட்டுமே" என்று நம்மில் சிலர் சொல்கிறோம். எந்த வரிசை? பங்களாதேஷ் முகாம்களிலிருந்து மூன்றாம் நாடுகளுக்கு அனுப்புவது 2010இல் நிறுத்தப்பட்டு, 2022இன் இறுதியில்தான் மீண்டும் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே வரிசையே கிடையாது. இல்லாத வரிசையில் நிற்கவில்லையென்று ஒருவனைக் குற்றம் சொல்வது நியாயமா?

மலேசியாவும் சிங்கப்பூரும் 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையொப்பமிடாத நாடுகள். ஐவர் சேர்ந்து ஒரு குடும்பத்தை அழைக்கும் சட்டம் இங்கு இல்லை. ஆனாலும் வழியே இருந்ததில்லை என்று சொல்வதற்கில்லை. கம்போடியாவிலிருந்து ஓடிய சாம் முஸ்லிம்கள் பல்லாயிரவரை மலேசியா ஏற்று வாழவைத்திருக்கிறது. 2015 அக்டோபரில் 3,000 சிரியர்களை ஏற்பதாக ஐக்கிய நாடுகள் சபையில் வாக்களித்து, முதல் தொகுதியினரை விமானத்தில் அழைத்தும் வந்தது. மனம் வைத்தால் வழி பிறக்கும் என்பதற்கு இவை போதும்.

அந்த வாலிபருக்கு

தம்பி, நீங்கள் கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். படகில் ஏறாமல் இருப்பதற்கும் ஒரு வசூல் உண்டு. ஆனால் அது உண்டியலில் போட்டவுடன் முடிகிற வசூலன்று. தர்மம் கொடுத்தவன் கையை உதறிக்கொண்டு போகலாம். ஜாமீன் நின்றவன் போக முடியாது. அவன் தன் பணத்தோடு பெயரையும், பெயரோடு ஓராண்டு உழைப்பையும் கொடுக்க வேண்டும். நாம் இதைச் செய்யாதிருப்பதற்கு உண்மைக் காரணம் பணத்தட்டுப்பாடன்று. இந்தப் பிணைப்புக்கு அஞ்சுகிறோம் என்பதே.

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். அவர்கள் கொடுமைக்கு ஓடி வந்தவர்களல்லர், பிழைக்க வந்தவர்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன்: கப்பற்கூலியைக் கடனாகக் கொடுத்தவர் ஒருவர், "இவன் என் கடைப் பையன், நான் பொறுப்பு" என்று இங்கே சொன்னவர் மற்றொருவர். கூலிக்கடனை இரண்டு வருஷத்தில் தீர்த்துவிட்டாராம். பொறுப்பென்று சொன்னவரின் கடனை மட்டும் இறுதிவரை தீர்க்க முடியவில்லை என்பார்.

இன்று நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கனடா போன்ற நாடுகளில் வாழும் நம் உறவினர்கள், அங்குள்ள சட்டம் இடங்கொடுக்கும்போது ஜாமீன் குழுக்களில் சேரத் தூண்டலாம்; அவர்கள் ஏற்கும் செலவில் நாம் ஒரு பங்கு தாங்கலாம். விண்ணப்பம் எழுத, பத்திரம் சேர்க்க, மொழிபெயர்க்க நம்மிடம் படித்த வாலிபர்கள் இருக்கிறார்கள். பத்திரமில்லாமல் திரும்பி வந்த ஒரு விண்ணப்பத்தின் விலை என்னவென்று மேலே கண்டோம். இந்நாடுகளிலும் அத்தகைய சட்டம் வேண்டுமென்று, பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம் என்ற உறுதியோடு, மரியாதையாகக் கேட்கலாம். "செலவைச் சர்க்கார் பார்க்கட்டும்" என்று கேட்கிறவனுக்கும், "செலவு எங்களுடையது, கதவை மட்டும் திறவுங்கள்" என்று கேட்கிறவனுக்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு.

உண்டியலை நாம் கீழே வைக்க வேண்டியதில்லை; கரை சேர்ந்தவனுக்கும் பசிக்கும். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை பட்டியல் எழுதும்போது, அரிசி, பருப்பு, போர்வை என்பவற்றுக்குக் கீழே இன்னுமொரு வரி எழுதலாமென்றிருக்கிறேன்: "ஜாமீன் நிதி." அதற்கு எதிரே முதல் தொகையாக என் பங்கை எழுதி, பக்கத்தில் என் பெயரையும் எழுதுவேன். ஐந்து பெயர்கள் சேரட்டும்; பிறகு கதவைத் தட்டுவோம்.